நம்பிக்கையும் ஆப்டிமிசமும் ஒண்ணா? காஞ்சிபுரத்துல 7 வருஷம் இருந்த லெஸ்லி நியூபிகின்

(இது எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள்ல சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. கொஞ்ச நாளா மெயில்லயும் நேர்லயும் வேற வேற வார்த்தையில திரும்பத் திரும்ப வர்ற கேள்வி: "கிறிஸ்தவங்க எதுக்கெடுத்தாலும் நம்பிக்கையோட இருங்கன்னு சொல்றீங்க. வேலை போயிடுச்சு, வீட்டுல ரெண்டு பேர் பேசிக்கிறதில்ல, நியூஸ் பார்த்தா தூக்கம் வரல. இதுல எதை நம்பச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. நானும் ஐடி-லதான் இருக்கேன். திங்கக்கிழமை காலையில "ஆர்கனைசேஷன் அப்டேட்"னு ஒரு மெயில் வந்தா ஃப்ளோர் முழுக்க எப்படி அமைதியாகும்னு தெரியும். எலெக்‌ஷன் நேரத்துல ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல யார் யார் லெஃப்ட் ஆவாங்கன்னும் தெரியும். சபையிலயும் இதே கதைதான். ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடிட்டு, வெளிய வந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம போறவங்க இருக்காங்க.

அதனால "எல்லாம் சரியாயிடும் பிரதர்"னு சொல்லி முடிக்கப் போறதில்ல. ஒரு மனுஷரோட வாழ்க்கையை வச்சு இந்தக் கேள்வியைப் பார்க்கலாம். பேரு லெஸ்லி நியூபிகின். 20-ம் நூற்றாண்டோட முக்கியமான கிறிஸ்தவ சிந்தனையாளர்கள்ல ஒருத்தர். இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் இறையியல் படிக்கிறவங்க இன்னைக்கும் இவர் புத்தகங்களைப் படிக்கிறாங்க. ஆனா அவர் நம்ம காஞ்சிபுரத்துல 7 வருஷம் இருந்தார், இங்க தெருவுல நின்னு தமிழ்ல பிரசங்கம் பண்ணினார்ங்கிறது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது.

முதல்ல ரெண்டு வார்த்தையைத் தெளிவு பண்ணிக்கலாம். அப்புறம் அவர்கிட்ட போவோம்.

நம்பிக்கை: கயிறோட அந்தப் பக்கம் என்ன இருக்கு?

தமிழ்ல "நம்பிக்கை"ங்கிற வார்த்தை நிறைய வேலை செய்யுது. ஒருத்தரை நம்புறதும் நம்பிக்கைதான், நாளைக்கு நல்லது நடக்கும்னு எதிர்பார்க்கிறதும் நம்பிக்கைதான். தமிழ் பைபிள் இதை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கு. கடவுளைச் சார்ந்து நிக்கிறதுக்கு "விசுவாசம்". முன்னாடி பார்த்துக் காத்திருக்கிறதுக்கு "நம்பிக்கை". பவுல் கொரிந்து சபைக்கு எழுதின லெட்டர்ல விசுவாசம், நம்பிக்கை, அன்புன்னு மூணையும் தனித்தனியா சொல்றது இதனாலதான்.

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியில நம்பிக்கைக்கு ஒரு வார்த்தை "திக்வா". அதே வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் கயிறு. யோசுவா புத்தகத்துல எரிகோ பட்டணத்துல ராகாப்னு ஒரு பொண்ணு வருவா. பட்டணம் விழப் போகுது. உளவு பார்க்க வந்த ரெண்டு பேர் அவளுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறாங்க: ஜன்னல்ல சிவப்புக் கயிறைக் கட்டி வை, உன் வீட்டை நாங்க தொடமாட்டோம்னு. அந்தக் கயிறுக்கு எபிரேயத்துல இருக்கிற வார்த்தை இதே திக்வாதான்.

நூலை முறுக்கிப் பிழைக்கிற காஞ்சிபுரத்துக்கு இதை அதிகமா விளக்க வேண்டாம். கயிறோட பலம் அதைப் பிடிச்சிருக்கிறவர் எவ்வளவு உற்சாகமா இருக்கார்ங்கிறதுல இல்ல. கயிறு உறுதியா இருக்கணும், அந்தப் பக்கம் எதுல கட்டியிருக்குங்கிறது முக்கியம். ராகாப் அன்னைக்கு ராத்திரி பயத்துல நடுங்கிட்டே இருந்திருக்கலாம். கயிறு ஜன்னல்ல இருந்துச்சு. அவளுக்கு அது போதுமா இருந்துச்சு.

ஆப்டிமிசம் இதுல இருந்து வித்தியாசமானது. அது ஒரு ஃபோர்காஸ்ட். டேட்டாவைப் பார்த்து "நிலைமை இம்ப்ரூவ் ஆகும்"னு சொல்றது. தப்பில்ல, தேவையும்கூட. ஆனா ஃபோர்காஸ்ட் பொய்யாகலாம், அப்போ அதை நம்பினவங்களும் கூடவே விழுவாங்க.

இதுக்கு பைபிள்லயே நல்ல உதாரணம் எரேமியா. ஜனங்களை பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி எல்லாருக்கும் முன்னாடி நின்னு ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பி வந்துடுவாங்கன்னு சொல்றார். கேட்க நல்லா இருக்கு. எரேமியா சொன்னது 70 வருஷம். அதாவது கேட்டுட்டு இருக்கிற பெரியவங்கள்ல அநேகமா யாரும் அதைப் பார்க்கமாட்டாங்க. அதனால அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்க, உங்களைச் சிறைபிடிச்ச அந்த ஊரோட நன்மைக்காகவே ஜெபம் பண்ணுங்கன்னு லெட்டர் எழுதுறார்.

நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அடிக்கடி வைக்கிற எரேமியா 29:11 இந்த லெட்டர்லதான் வருது. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க பலபேர் அதுக்கு முந்தின வசனத்துல இருக்கிற 70 வருஷத்தைப் பார்க்கிறதில்ல. அந்த 11-ம் வசனத்துலயும் எபிரேயத்துல இருக்கிறது திக்வாங்கிற வார்த்தைதான். அனனியா கொடுத்தது ஃபோர்காஸ்ட். எரேமியா கொடுத்தது கயிறு.

சமாதானம்: ரிலாக்ஸ் ஆகிறது மட்டும் இல்ல

ரெண்டாவது வார்த்தை "சமாதானம்". ஆங்கிலத்துல பீஸ்னு சொன்னதும் நமக்கு கடற்கரை, ஹெட்போன்ஸ், நோட்டிஃபிகேஷன் ஆஃப்னு ஒரு படம் வரும். தமிழ்ல அதுக்கு "அமைதி"ன்னு வார்த்தை இருக்கு. தமிழ் பைபிள் பெரும்பாலும் பயன்படுத்துறது சமாதானம். இந்த வார்த்தையை வீட்டுல எப்போ சொல்லுவோம்? ரெண்டு பேர் சண்டை போட்டா, "போய் சமாதானம் பண்ணி வை". கோவிச்சுக்கிட்டுப் போன தங்கச்சி திரும்பி வந்தா, "சமாதானம் ஆயிட்டியா?" அதாவது சமாதானம்னு சொன்னா, அதுல குறைஞ்சது ரெண்டு பேர் இருக்காங்க.

எனக்கு இது பெரிய விஷயமாத் தோணுது. மனசு மட்டும் லேசாகணும்னா தனியா இருந்தே பண்ணிக்கலாம். சமாதானத்துக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும். அதனாலதான் அது கஷ்டமாவும் இருக்கு.

சரி, இப்போ நியூபிகின்.

உடைஞ்ச காலோட ஆரம்பிச்ச வேலை

நியூபிகின் பிறந்தது 1909 டிசம்பர்ல, இங்கிலாந்துல நியூகாசில்ல. ஒரு சுவாரசியம், அதே 1909-ல, மூணு மாசம் முன்னாடி செப்டம்பர்ல, காஞ்சிபுரத்துல பிறந்தவர் அறிஞர் அண்ணா.

கேம்பிரிட்ஜ்ல படிக்கும்போது நியூபிகின் ஒரு கோடை லீவுல சவுத் வேல்ஸ் பக்கம் சமூக வேலைக்குப் போனார். நிலக்கரிச் சுரங்கங்கள்ல வேலை இல்லாம ஆண்கள் வருஷக்கணக்கா சும்மா உட்கார்ந்திருந்த ஊர். இன்னைய பாஷையில ஊர் முழுக்க லே-ஆஃப். அவங்களுக்கு எந்த நல்ல வார்த்தையும் கொடுக்க முடியலையேன்னு ஒருநாள் ராத்திரி தவிச்சுட்டு இருந்தப்போ அவருக்கு சிலுவையோட காட்சி ஒண்ணு மனசுல வந்துச்சு. வானத்துக்கும் பூமிக்கும் நடுவுல நின்னு, மனுஷனோட மிக ஆழமான தோல்வி வரைக்கும் கீழே எட்டுற சிலுவை. அவரோட விசுவாசம் அங்கதான் ஆரம்பிச்சதுன்னு பின்னாடி அவரே எழுதினார். வேலை இழந்தவங்க நடுவுல பிறந்த விசுவாசம்ங்கிறதை மறந்துடாதீங்க.

1936-ல சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து மிஷனரியா மனைவி ஹெலனோட மெட்ராஸ் வந்து இறங்கினார். வந்த கொஞ்ச மாசத்துலயே, 1937-ல, ஒரு பஸ் விபத்து. கால் மோசமா நசுங்கிடுச்சு. திரும்ப ஸ்காட்லாந்து, ஆபரேஷன் மேல ஆபரேஷன். அதோட முடிஞ்சதுன்னு யாரா இருந்தாலும் நினைச்சிருப்பாங்க. 1939-ல திரும்ப வந்தார். போஸ்டிங் காஞ்சிபுரம்.

காஞ்சிபுரத்துல ஸ்காட்லாந்து மிஷனுக்கு பழைய தொடர்பு. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆண்டர்சன் ஸ்கூல், அந்த மிஷனோட ஜான் ஆண்டர்சன் பேர்லதான் இருக்கு. ஆனா இந்த ஊர்ல கிறிஸ்தவங்க எப்பவும் சின்னக் கூட்டம். ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள், திருப்பருத்திக்குன்றத்துல சமணக் கோயில், தெருத்தெருவா தறிச் சத்தம். இந்த ஊர்ல நடுவுல நின்னு பேசணும்னா முதல்ல கேட்கத் தெரியணும்.

அவர் தமிழை ஆழமாக் கத்துக்கிட்டார். பின்னாடி ஒரு கட்டுரையில, தமிழ் கிராமத்துல நின்னு இயேசு யாருன்னு சொல்லணும்னா எந்த வார்த்தையைப் பயன்படுத்துறதுன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்திருக்கார். சுவாமி, அவதாரம், சத்குரு, கடவுள். ஒவ்வொரு வார்த்தைக்கும் கேட்கிறவர் மனசுல ஏற்கெனவே ஒரு உலகம் இருக்கு. நீங்க சொல்ற அர்த்தத்துல அவர் கேட்கமாட்டார். எதிர்ல இருக்கிறவரோட அகராதியைப் படிக்காம அவரோட பேச முடியாதுன்னு அவர் கத்துக்கிட்ட இடம் இதுதான். ட்விட்டர் சண்டைகளை நினைச்சுப் பாருங்க, இன்னைக்கும் இது எவ்வளவு பொருந்துதுன்னு தெரியும்.

அவர் இருந்த காலம் அமைதியான காலமா?

"அந்தக் காலத்துல இவ்வளவு டென்ஷன் இல்லப்பா"ன்னு சொல்றவங்களுக்காக இந்தப் பகுதி. 1939-ல இருந்து 1946 வரைக்கும் இங்க என்ன நடந்துச்சு?

ரெண்டாம் உலகப்போர். 1942 ஏப்ரல்ல விசாகப்பட்டினம், காக்கிநாடா மேல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுச்சு. அடுத்தது மெட்ராஸ்னு வதந்தி. லட்சக்கணக்குல ஜனங்க நகரத்தைக் காலி பண்ணி உள்நாட்டுக்கு ஓடினாங்க. குண்டு விழுந்தா கூண்டு உடைஞ்சு வெளிய வந்துடும்னு பயந்து மெட்ராஸ் மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம், புலியைக்கூட சுட்டுட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல வெள்ளையனே வெளியேறு இயக்கம். அதே வருஷம் காஞ்சிபுரத்துல இருந்து அண்ணா "திராவிட நாடு" பத்திரிகையை ஆரம்பிக்கிறார். 1943-ல வங்காளப் பஞ்சம். நாடு எப்படிப் பிரியப் போகுதுங்கிற சண்டை ஒரு பக்கம், மதத்தையே கேள்வி கேட்கிற புது அரசியல் இன்னொரு பக்கம். இதுக்கு நடுவுல ஆட்சி பண்றவங்களோட நிறத்துல ஒரு வெள்ளைக்கார மிஷனரி. பயமும் பிரிவினையும் நம்ம தலைமுறை கண்டுபிடிச்சது இல்ல.

மடத்துல வாரம் ஒரு சாயங்காலம்

இந்தக் காலத்துல நியூபிகின் காஞ்சிபுரத்துல பண்ணின ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாரத்துல ஒரு சாயங்காலம் ராமகிருஷ்ண மடத்துக்குப் போவார். துறவிகளோட தரையில உட்காருவார். சுவேதாஸ்வதர உபநிஷத்தும் யோவான் சுவிசேஷமும் மாத்தி மாத்திப் படிப்பாங்க. இந்த உபநிஷத், பக்திங்கிற வார்த்தை வர்ற மிகப் பழைய நூல்கள்ல ஒண்ணு. யோவான்ல அன்புதான் மையம். பேச நிறைய இருந்திருக்கும்.

அந்த மடத்து ஹால்ல உலகத்தோட பெரிய ஆன்மிக குருக்கள் படங்கள் வரிசையா இருந்துச்சு. அதுல இயேசு படமும் உண்டு. கிறிஸ்துமஸ் அன்னைக்கு அந்தப் படத்துக்கு வழிபாடும் நடக்கும். துறவிகளைப் பொறுத்தவரைக்கும் அது மனசார செய்ற மரியாதை. நியூபிகினுக்கு அதுல ஒரு கேள்வி வந்துச்சு. இயேசு ஏற்கெனவே இருக்கிற ஒரு உலகப் பார்வைக்குள்ள ஒரு இடத்துல பொருத்தப்பட்டிருக்கார், அந்தப் பார்வையை அவர் கேள்வி கேட்கலையேன்னு. அதோட நிறுத்தியிருந்தா அது சாதாரண மிஷனரி விமர்சனமா போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா அவருக்குப் புரிஞ்சது, ஐரோப்பாவுல கிறிஸ்தவங்களும் இதையேதான் பண்ணியிருக்கோம்னு. முன்னேற்றம், விஞ்ஞானம், தனிமனுஷ வெற்றின்னு ஒரு ஹாலைக் கட்டி, அதுல ஒரு மூலையில இயேசு படத்தை மாட்டியிருக்கோம். அவர் பின்னாடி எழுதின பெரிய புத்தகங்களோட விதை இந்த இடத்துல இருக்கு.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, இயேசு பலர்ல ஒருத்தர்னு அவர் ஒத்துக்கலை. அவங்களும் தங்களோட நிலைப்பாட்டை விடலை. கருத்து வேறுபாடு அப்படியே இருந்துச்சு. ரெண்டு, அடுத்த வாரமும் போனார். நம்ம காலத்துல இது ரெண்டுல ஒண்ணுதான் நடக்குது. உறவு கெடக்கூடாதுன்னு நம்புறதைச் சொல்லாம முழுங்கிடுறோம். இல்லேன்னா சொல்லிட்டு பிளாக் பண்ணிடுறோம். நியூபிகின் சொல்லவும் செஞ்சார், தரையில உட்காரவும் செஞ்சார்.

28 வருஷப் பேச்சுவார்த்தை

மத்த மதத்தவரோட பேசுறதைவிட சொந்தக்காரங்களோட பேசுறது கஷ்டம். சபைகளுக்கும் அப்படித்தான்.

அன்னைக்குத் தென்னிந்தியாவுல ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல்னு தனித்தனி சபைகள். பல இடங்கள்ல ஒரு சபைக்காரர் இன்னொரு சபையில திருவிருந்து எடுக்க முடியாது. இந்தப் பிரிவுகள் எல்லாம் ஐரோப்பாவுல, அவங்க அரசியல்ல, அவங்க சண்டையில உண்டானவை. 1919-ல தரங்கம்பாடியில சில போதகர்கள் கூடினாங்க. பெரும்பாலும் இந்தியர்கள். முன்னணியில வெள்ளாளன்விளையில பிறந்த பிஷப் அசரியா, ஆங்கிலிகன் சபையோட முதல் இந்திய பிஷப். அவங்க சொன்னதோட சாரம்: இந்தப் பிரிவினைகளை நாங்க உண்டாக்கலை, வெளிய இருந்து எங்க மேல வந்தது, இது எங்களை பலவீனமாக்குது, நாங்க ஒண்ணாகணும்.

பிரச்சினை எங்க மாட்டுச்சு? பிஷப்ல. ஆங்கிலிகன் சபைக்கு, பிஷப் கை வச்சு அபிஷேகம் பண்ணாதான் ஒருத்தர் முறையான குருவானவர். மத்தவங்களுக்கு பிஷப்பே கிடையாது. "ஒண்ணு சேரணும்னா எங்க பிஷப்கிட்ட வந்து மறுபடி அபிஷேகம் வாங்கிக்கங்க"ன்னு சொன்னா, இவ்வளவு வருஷம் அவங்க பண்ணின ஊழியம் எல்லாம் செல்லாதுன்னு அர்த்தம். கடைசியில வந்த தீர்வு: இனிமே நடக்கிற அபிஷேகங்களை பிஷப்கள் பண்ணுவாங்க. ஆனா ஏற்கெனவே ஊழியத்துல இருக்கிற யாரும் மறுபடி எதையும் வாங்க வேண்டாம், எல்லாரையும் அப்படியே ஏத்துப்போம். சில வருஷங்களுக்கு ரெண்டு விதமானவங்களும் ஒரே சபையில சேர்ந்து இருப்பாங்க.

லண்டன்ல பெரிய எதிர்ப்பு. கவிஞர் டி.எஸ். எலியட்டே இந்தத் திட்டத்தை எதிர்த்து 1943-ல ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார்னா பார்த்துக்கங்க. நியூபிகினுக்கும் ஆரம்பத்துல பிஷப் முறை மேல தயக்கம் இருந்துச்சு. பிரெஸ்பிட்டேரியன் ஆளு இல்லையா. காஞ்சிபுரத்துல இருந்தபோதே பேச்சுவார்த்தைக்குள்ள வந்தார், தயங்கினவங்களைச் சம்மதிக்க வைக்கிறதுல பெரிய பங்கு எடுத்தார்.

1947 செப்டம்பர் 27. மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல். தென்னிந்தியத் திருச்சபை, சிஎஸ்ஐ, உருவாச்சு. சுமார் 10 லட்சம் பேர். பிஷப் உள்ள சபைகளும் இல்லாத சபைகளும் இப்படி ஒண்ணா சேர்ந்தது உலகத்துலயே முதல் தடவை. தேதியைக் கவனிங்க. சுதந்திரம் கிடைச்சு ஆறு வாரம். பஞ்சாப்ல பிரிவினைக் கொலைகள் நடந்துட்டு இருக்கு. நாடு ரெண்டாகிற அதே வாரங்கள்ல இங்க ஒரு கூட்டம் ஒண்ணாகுது. அசரியா இதைப் பார்க்கலை, 1945 ஜனவரி 1-ம் தேதியே இறந்துட்டார். எரேமியாவோட 70 வருஷம் ஞாபகம் வருதா? அவர் தோட்டம் போட்டார், பழம் வேற யாரோ பறிச்சாங்க.

அன்னைக்கே நியூபிகின் பிஷப் ஆனார், 37 வயசுல. அனுப்பினது மதுரை-ராமநாதபுரம் பகுதிக்கு. அங்க இருந்தவங்க பெரும்பாலும் காங்கிரகேஷனல். பிஷப்னா என்னன்னு பார்த்ததே இல்லாத சபைகளுக்கு, பிஷப் இல்லாத சபையில வளர்ந்தவர் பிஷப்.

காஞ்சிபுரம் புடவையில கோர்வைன்னு ஒண்ணு உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். தனியா நெய்து ஒட்டுறது இல்ல, ஒவ்வொரு வரிசையிலயும் உடல் நூலையும் கரை நூலையும் கோத்துக் கோத்து நெய்யணும். தறியில ஒரு ஆள் போதாது, கரைக்கு நாடா போட பக்கத்துல இன்னொருத்தர் உட்காரணும். நேரமும் அதிகம். அதனாலதான் விலையும் அதிகம். நிறம் ரெண்டும் மாறாது, பிரிக்கவும் முடியாது. சிஎஸ்ஐ-க்கு 28 வருஷம் ஏன் ஆச்சுன்னு யாராவது கேட்டா நான் கோர்வையைத்தான் காட்டுவேன்.

அதோட கதை சுபமா முடிஞ்சிடுச்சான்னா, இல்ல. நந்தியால் பகுதியில ஆங்கிலிகன் சபையார் பலர் அப்போவே சேர மறுத்தாங்க. இன்னைக்கு சிஎஸ்ஐ-யில தேர்தல் சண்டையும் கோர்ட் வழக்கும் இருக்கிறது பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டுச் சபைகள்ல சாதி இன்னும் போகலை, கல்லறைத் தோட்டம் வரைக்கும் கூட வருது. காயத்தை மேலாக ஆத்திட்டு, சமாதானம் இல்லாதப்போ சமாதானம்னு சொல்றவங்களை எரேமியாவே திட்டியிருக்கார். சண்டை வேண்டாம்னு ஒடுக்கப்பட்டவங்க வாயை மூடுறதுக்கு சமாதானம்ங்கிற வார்த்தையைப் பயன்படுத்தினா, அது எரேமியா திட்டின அதே பொய்தான்.

நம்பிக்கை காணாமப் போன ஊர்

நியூபிகின் பின்னாடி மெட்ராஸ் பிஷப்பா 1965-ல இருந்து 1974 வரைக்கும் இருந்தார். ரிட்டயர் ஆனதும் அவரும் ஹெலனும் ஒரு முடிவு எடுத்தாங்க. இங்கிலாந்துக்கு ஃபிளைட்ல போகலை. ரெண்டு சூட்கேஸ், ஒரு முதுகுப் பை, கிடைக்கிற லோக்கல் பஸ். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியா பர்மிங்காம் வரைக்கும். அவருக்கு 64 வயசு.

வழியில ஞாயித்துக்கிழமைகள்ல எங்கேயாவது கிறிஸ்தவங்களோட சேர்ந்து ஆராதிச்சாங்க. ஒரே இடத்துல மட்டும் யாருமே இல்ல. துருக்கியில கப்பதோக்கியா. 4-ம் நூற்றாண்டுல பசிலியார் மாதிரி பெரிய இறையியலாளர்கள் வாழ்ந்த பகுதி. அங்க இவங்க ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாங்க. சபை வளரும், ஜெயிக்கும்ங்கிறதுல உங்க நம்பிக்கையைக் கட்டியிருந்தா, கப்பதோக்கியாவுல அது அறுந்துடும்.

பர்மிங்காம்ல செட்டில் ஆனதும் எல்லாரும் அவர்கிட்ட, இந்தியாவுல இருந்து இங்க வந்ததுல எது ரொம்பக் கஷ்டம்னு கேட்டாங்க. அவர் திரும்பத் திரும்ப சொன்ன பதில், இங்க நம்பிக்கை காணாமப் போயிடுச்சுங்கிறது. மெட்ராஸ் சேரிகள்ல மோசமான நிலைமையிலயும், நிலைமை மாறும், மாத்தலாம்னு ஜனங்க நினைச்சாங்க. வசதியான இங்கிலாந்துல அது இல்லைன்னு எழுதினார். வறுமை நல்லதுன்னு அவர் சொல்லலை. சேரியை மாத்த அவரே மெட்ராஸ்ல வேலை பண்ணினவர். பணம் வந்தா பயம் போயிடும்ங்கிற கணக்கு தப்புன்னு சொன்னார். ஓஎம்ஆர்-ல ஃபிளாட் வாங்கியும் தூக்கம் வராத நமக்கு இது புதுசு இல்ல.

70 வயசுவாக்குல, பர்மிங்காம்ல வின்சன் கிரீன்ங்கிற ஏழைப் பகுதியில, ஜெயிலுக்கு எதிர்ல இருந்த ஒரு சின்ன சபையை மூடிடலாம்னு பேச்சு வந்தப்போ, நான் போதகரா வர்றேன்னு போனார். பல நாட்டுல இருந்து வந்து குடியேறினவங்க இருந்த தெருக்கள்ல வீடு வீடாப் போனார். பெரிய வெற்றிக் கதை எல்லாம் இல்ல, போய்க்கிட்டே இருந்தார்.

எதிர்காலத்தைப் பத்தி ஆப்டிமிஸ்டா பெசிமிஸ்டான்னு கேட்டா, ரெண்டும் இல்ல, இயேசு உயிர்த்தெழுந்தார்ங்கிறதுல நிக்கிறேன்ங்கிற அர்த்தத்துல பதில் சொல்லுவார். முதல்ல கேட்கும்போது கேள்வியைத் தட்டிக்கழிக்கிற மாதிரி இருக்கும். இப்போ கயிறை வச்சு யோசிங்க. ஆப்டிமிஸ்டும் பெசிமிஸ்டும் கயிறை நாளைக்கு நடக்கப் போறதுல கட்டுறாங்க. இவர் ஏற்கெனவே நடந்ததுன்னு தான் விசுவாசிக்கிற ஒண்ணுல கட்டியிருக்கார். நாளைய நியூஸால அதை அவிழ்க்க முடியாது.

அப்போ நாம என்ன பண்றது?

காஞ்சிபுரத்துல அந்தத் துறவிகளோட அவர் படிச்ச யோவான் சுவிசேஷத்துல ஒரு இடம் இருக்கு. சீடர்கள் பயந்து கதவைப் பூட்டிட்டு உள்ள இருக்காங்க. உயிர்த்தெழுந்த இயேசு நடுவுல வந்து நின்னு சமாதானம் சொல்றார். சொன்ன கையோட காயத்தைக் காட்டுறார். அப்புறம் அவங்களை வெளிய அனுப்புறார். பயம், சமாதானம், காயம், வெளிய போறது. இந்த நாலும் சேர்ந்துதான் வருது. இதுல இருந்து மூணு விஷயம் சொல்றேன்.

முதல்ல, உங்க கயிறு எதுல கட்டியிருக்குன்னு ஒரு தடவை நேர்மையாப் பாருங்க. "இந்த வேலை கிடைக்கும்"ங்கிறதுக்காக ஜெபம் பண்றது தப்பே இல்ல. ஆனா அது கிடைக்கலைன்னா கடவுளே இல்லைன்னு ஆகும்னா, கயிறு ஆஃபர் லெட்டர்லதான் கட்டியிருக்கு.

ரெண்டாவது, சமாதானத்தை ஒரு ஆளோட பேர்ல யோசிங்க. "எனக்கு மன அமைதி வேணும்"னு சொல்றதுக்குப் பதிலா "நான் யாரோட சமாதானம் ஆகணும்"னு கேளுங்க. கருத்து மாற வேண்டாம். அரசியல் வேற வேறயாவே இருக்கட்டும். வாரம் ஒரு சாயங்காலம் உட்கார ஒரு இடம் இருந்தா போதும்.

மூணாவது, 2 வருஷக் கணக்குல இல்லாம 70 வருஷக் கணக்குல ஒரு வேலை எடுங்க. உங்க தெருவுல, உங்க சபையில, நீங்க முடிவைப் பார்க்காமலேயே போகக்கூடிய ஒண்ணு. ஒரு பிள்ளைக்கு டியூஷனா இருக்கலாம், சபையில சாதியைப் பத்திப் பேச ஆரம்பிக்கிறதா இருக்கலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். பதற்றம் உடம்பு சம்பந்தப்பட்டதாவும் இருக்கலாம். தூக்கம், சாப்பாடு, மூச்சு எல்லாம் பாதிக்கிற அளவுக்குப் போனா டாக்டரைப் பாருங்க. அரசோட டெலி மானஸ் ஹெல்ப்லைன் 14416, தமிழ்லயும் பேசலாம், கட்டணம் இல்ல. மருந்து எடுக்கிறது விசுவாசக் குறைவு இல்ல. கால் உடைஞ்சப்போ நியூபிகின் ஜெபத்தோட நிறுத்தலை, ஆபரேஷனும் பண்ணிக்கிட்டார்.

ஆரம்பத்துல வந்த கேள்விக்கு என் பதில் இதுதான். எல்லாம் சரியாயிடும்னு நம்பச் சொல்லலை. 70 வருஷம் ஆனாலும் விடாத ஒருத்தரை நம்பிட்டு, இருக்கிற ஊர்லயே தோட்டம் போடச் சொல்றேன்.

உங்களுக்கு ஒத்துவராத இடம் இருந்தா எழுதுங்க, பேசலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம். எல்லாருக்கும் சமாதானம்.